பங்கின் விலை எத்தனை மடங்கு?
தொழில்தோறும் மாறும் அளவுகோல்கள் பற்றிய ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்தில் நூறு ரூபாய்ப் பங்கு ஒன்றை வாங்கிய அங்கத்தினர், சங்கத்தைவிட்டு விலகும்பொழுது அந்த நூறு ரூபாயைத் திரும்பப் பெறுகிறார். இடையில் சங்கம் எவ்வளவு இலாபம் ஈட்டினாலும் அவருடைய பங்கின் விலை நூற்றைம்பதாக உயர்வதில்லை. முதலுக்கு அளவான பலனும், உழைப்புக்கும் கொள்முதலுக்கும் ஏற்ற பங்கீடும் என்பது 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் சங்கம் அமைத்த நாள்முதல் நாம் போற்றிவரும் நெறி. விவசாயிகள் சேர்ந்து அமைக்கும் உற்பத்தியாளர் கம்பெனிகளிலும், பங்கை முகமதிப்புக்கே மற்றோர் அங்கத்தினருக்கு மாற்றித்தர இயலும் என்று சட்டம் விதித்திருக்கிறது.

பங்குச் சந்தையில் விற்கப்படும் கம்பெனிப் பங்கு இத்தகையது அன்று. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஓரிடத்தில் எட்டு ரூபாய்க்கும், வேறோரிடத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் விலைபோகிறது. இந்த விலை நியாயமானதா என்று அறிய முகமதிப்பு சிறிதும் உதவாது. நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இப்பொழுது இந்தப் பேச்சு நுழைந்துவிட்டது. தறியில் சேமித்த பணத்தையும் மஞ்சள் விற்ற பணத்தையும் பங்கில் இடலாமா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். “இந்தப் பங்கு இலாபத்தைப் போல் ஏழு மடங்குதான், அந்தப் பங்கோ ஐம்பது மடங்கு, ஆகவே இதுதான் மலிவு” என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. இந்த ‘மடங்கு’ என்பது யாது, அது எங்கே வழிகாட்டும், எங்கே குழியில் தள்ளும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தோப்பின் விலையும் பங்கின் விலையும்

தென்னந்தோப்பு வாங்குபவர் என்ன செய்கிறார்? ஓராண்டில் செலவு போக எவ்வளவு வருமானம் நிற்கும் என்று கேட்கிறார். அது ஒரு இலட்சம் ரூபாய் என்றும், விலை பன்னிரண்டு இலட்சம் என்றும் சொன்னால், பன்னிரண்டு ஆண்டு வருமானத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்று மனத்தில் கணக்கிடுகிறார். பங்கின் மடங்கும் இதுவே. விலையை ஓராண்டு இலாபத்தால் வகுத்தால் வருவது மடங்கு.

இவ்வழக்கம் புதியதன்று. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தமது பொருளாதார நூலில், இங்கிலாந்தில் வட்டி நூற்றுக்குப் பத்தாக இருந்த காலத்தில் நிலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வருமானத்துக்கு விற்றதென்றும், வட்டி ஆறு, ஐந்து, நான்கு என்று குறையக் குறைய அவ்விலை இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டு வருமானமாக உயர்ந்ததென்றும் எடுத்துக்காட்டுகிறார். இதிலிருந்து முதற்பாடம் ஒன்று கிடைக்கிறது. மடங்கு என்பது தனியே நிற்கும் எண் அன்று. நாட்டின் வட்டி விகிதத்தோடு அது கட்டுண்டு கிடக்கிறது. வட்டி ஏறினால் மடங்கு இறங்கும். வட்டி இறங்கினால் மடங்கு ஏறும்.

இலாப மடங்கு கணக்கிடும் முறை

ஒரு நூற்பாலைக் கம்பெனியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வரி கட்டியபின் அதன் ஆண்டு இலாபம் 12 கோடி ரூபாய். வெளியிட்ட பங்குகள் 1 கோடி. எனவே ஒரு பங்குக்கு உரிய இலாபம் 12 ரூபாய். சந்தையில் பங்கின் விலை 180 ரூபாயானால், மடங்கு 15.

இனி, இதே தொழிலிலுள்ள, ஏறத்தாழ இதே அளவுடைய வேறு ஐந்து நூற்பாலைகளின் மடங்குகளைச் சேகரிக்கிறோம். அவை 9, 11, 12, 13, 60 என்று இருக்கின்றன. இவற்றின் சராசரி 21. ஆனால், அறுபது என்ற ஒரே எண்தான் சராசரியை இவ்வளவு தூக்கிவிட்டது. அந்த ஆலையின் இலாபம் ஏதோ காரணத்தால் அவ்வாண்டு மிகவும் சுருங்கியிருக்கலாம். வகுக்கும் எண் சிறுத்தால் மடங்கு ஊதிப்பெருக்கும். ஆகையால் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பதே உத்தமம். இங்கு நடு எண் 12. நம் ஆலையின் பங்கு இலாபமாகிய 12 ரூபாயை 12 மடங்கால் பெருக்க, 144 ரூபாய் வருகிறது. சந்தை விலையோ 180. அதிக விலை கேட்கிறார்கள் என்று முடிவு கட்டுமுன், அந்த அதிகத்திற்குத் தக்க காரணம் உண்டா என்று ஆராய வேண்டும்.

மடங்கு ஏன் தொழில்தோறும் மாறுகிறது?

மூன்று காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, வளர்ச்சி. ஒரு தொழிலின் இலாபம் ஆண்டுதோறும் ஒரே அளவாக நிற்குமென்றும், அது முழுவதும் பங்குதாரருக்கு வழங்கப்படுமென்றும், அவர்கள் தம் பணத்துக்கு நூற்றுக்கு 12½ எதிர்பார்க்கின்றனர் என்றும் கொள்வோம். அப்பொழுது 100-ஐ 12½-ஆல் வகுக்க, 8 மடங்கு கிடைக்கும். அதே இலாபம், புதிதாக முதல் போடாமலே ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் என்றும் வளருமானால், 12½-இலிருந்து 5-ஐக் கழித்து, 100-ஐ 7½-ஆல் வகுக்கிறோம். அடுத்த ஆண்டு இலாபத்தைப் போல் 13⅓ மடங்கு வருகிறது. இரண்டும் நியாயமான விலைகளே. எட்டு மடங்குப் பங்கு மலிவும் அன்று. பதின்மூன்று மடங்குப் பங்கு கிராக்கியும் அன்று.

இரண்டாவது, நிச்சயமின்மை. சவர்க்காரமும் பற்பசையும் மழை பொய்த்தாலும் விற்கும். பஞ்சு விலையோ ஓராண்டு ஏறி மறு ஆண்டு விழும். நிச்சயமற்ற வருமானத்துக்கு மக்கள் அதிகப் பலன் எதிர்பார்ப்பார்கள். எனவே மடங்கு குறையும். வாய்க்கால் பாசனத் தோப்புக்கும் மானாவாரிப் புன்செய்க்கும் உள்ள விலை வேற்றுமையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

மூன்றாவது, வளர்வதற்கு வேண்டிய முதல். சில தொழில்களில் விற்பனையை இரட்டிப்பாக்கப் புதிய எந்திரமும் கட்டடமும் வேண்டும். ஈட்டிய இலாபமெல்லாம் அவற்றுக்கே போய்விடும். சில தொழில்களில் சிறு முதலே போதும். இலாபம் சமமாயினும், பங்குதாரர் கைக்கு வரும் தொகை சமமாகாது.

அரசாங்கம் வகுத்திருந்த விகிதங்கள்

தொழிலுக்குத் தொழில் மடங்கு வேறுபட வேண்டும் என்பதை நம் நாட்டு அரசாங்கமே ஒரு காலத்தில் விதியாக ஏற்றிருந்தது. 1947-ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், கம்பெனிகள் புதுப் பங்குகளை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதை ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி தீர்மானித்து வந்தார். அவ்வலுவலகத்தின் நெறிமுறைப்படி, சராசரி இலாபத்தை மதிப்பாக மாற்றுவதற்கு உற்பத்திக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 15, வணிகக் கம்பெனிகளுக்கு 20, இரண்டுக்கும் இடைப்பட்டவற்றுக்கு 17½ என்ற விகிதங்கள் இருந்தன. இவற்றை மடங்காக மாற்றினால், உற்பத்திக் கம்பெனிக்கு 6⅔, இடைப்பட்டதற்கு ஏறத்தாழ 5¾, வணிகக் கம்பெனிக்கு 5 என்று வரும். ஆலையும் எந்திரமும் உடைய தொழில், வாங்கி விற்கும் தொழிலைவிட நிலையானது என்ற எண்ணம் இதில் வெளிப்படுகிறது.

அச்சட்டம் 1992-இல் நீக்கப்பட்டது. அதன்பின் விலையைக் கம்பெனிகளே குறிக்கின்றன. ஆனால், அந்த விலைக்கு அடிப்படை என்ன என்பதை வெளியீட்டு விளக்க அறிக்கையில் தனித் தலைப்பிட்டுச் சொல்லவேண்டும். பங்கு இலாபம், இலாப மடங்கு, பங்கின் கணக்குப்புத்தக மதிப்பு ஆகியவற்றை அதே தொழிலிலுள்ள பிற கம்பெனிகளுடன் ஒப்பிட்டும் காட்டவேண்டும். விலையை நிறுக்கும் பொறுப்பு அதிகாரியிடமிருந்து பங்கு வாங்குவோரிடம் வந்துவிட்டது. படிக்காமல் கையெழுத்திடுபவர் அப்பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் ஆகிறார்.

கடனையும் சேர்த்துப் பார்த்தல்

இலாப மடங்கில் ஒரு குறை உண்டு. கம்பெனியின் கடனை அது நேராகக் காட்டுவதில்லை. அடைமானம் உள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் ஒரே விலைக்கு யாரும் வாங்கமாட்டார். ஆகவே அறிஞர்கள் மற்றொரு மடங்கையும் பயன்படுத்துகின்றனர். பங்குகளின் மொத்த விலையோடு கடனைக் கூட்டி, கையிருப்பு ரொக்கத்தைக் கழித்தால், தொழிலின் முழு விலை கிடைக்கும். இதனை, வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்குமுன் உள்ள இலாபத்தால் வகுக்கவேண்டும்.

இரண்டு ஆலைகளைக் கொள்வோம். இரண்டிலும் மேற்சொன்ன இலாபம் 30 கோடி; பங்குகள் 1 கோடி. முதல் ஆலைக்குக் கடனும் இல்லை, ரொக்கமும் இல்லை. இரண்டாவதற்குக் கடன் 110 கோடி, ரொக்கம் 10 கோடி. இத்தொழிலின் மடங்கு 6 என்றால், ஒவ்வொன்றின் முழு விலையும் 180 கோடி. முதல் ஆலையில் அது முழுவதும் பங்குதாரருக்கே உரியது. பங்கு ஒன்றுக்கு 180 ரூபாய். இரண்டாவதில் நிகரக் கடன் 100 கோடி போக 80 கோடி மிஞ்சுகிறது. பங்கு ஒன்றுக்கு 80 ரூபாய்.

தொழில் மந்தமாகி மடங்கு 5-ஆகக் குறைகிறது என்க. முழு விலை 150 கோடியாகும். முதல் ஆலையின் பங்கு 180-இலிருந்து 150-க்கு இறங்கும். இழப்பு ஆறில் ஒரு பங்கு. இரண்டாவது ஆலையின் பங்கு 80-இலிருந்து 50-க்கு விழும். இழப்பு எட்டில் மூன்று பங்கு. ஒரே காற்று, இரண்டு மரங்கள். ஆணிவேர் ஓடிய மரம் தாங்குகிறது.

எத்தொழிலுக்கு எந்த அளவுகோல்?

பட்டுக்கு முழக்கோல், நெல்லுக்கு மரக்கால் என்பதுபோல், தொழிலுக்கேற்ற அளவுகோல் வேண்டும்.

வங்கிகளுக்கும் கடன் வழங்கும் கம்பெனிகளுக்கும் புத்தக மதிப்பு மடங்கே பொருந்தும். சொத்துகளிலிருந்து பொறுப்புகளைக் கழித்து, பங்கு எண்ணிக்கையால் வகுப்பது புத்தக மதிப்பு. வங்கியின் சொத்து பெரும்பாலும் ரூபாயாகவே இருப்பதால், ஐந்தொகையில் கண்ட எண் உண்மைக்கு அண்மையில் நிற்கும். வராக்கடனை ஒழுங்காகக் கழித்திருக்கிறார்களா என்பதுதான் பார்க்கவேண்டிய இடம். முழு விலைக் கணக்கு இங்கு உதவாது. வங்கிக்கு வைப்புத்தொகை, நெசவாளருக்கு நூல் போன்ற மூலப்பொருள். அதைக் கடனாகக் கூட்டுவது பொருந்தாது.

உருக்கு, சிமெண்டு, சர்க்கரை போன்ற கனத்த தொழில்களுக்குக் கடனும் சேர்ந்த முழு விலை மடங்கு ஏற்றது. ஆண்டுக்கு எத்தனை டன் உற்பத்தித் திறன், டன் ஒன்றுக்கு என்ன விலை விழுகிறது என்றும் பார்ப்பார்கள். நூற்பாலையைக் கதிர் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது நாம் அறிந்ததே.

கணினி மென்பொருள் போன்ற, மனிதர் அறிவே முதலான தொழில்களில் கட்டடமும் எந்திரமும் சிறியவை. ஆதலால் புத்தக மதிப்பு பயன்படாது. இலாப மடங்கையே நோக்கவேண்டும்.

இன்னும் இலாபம் காணாத இளங்கம்பெனிகளுக்கு விற்பனை மடங்கைக் கூறுவார்கள். இதுவே எல்லாவற்றிலும் அபாயமான கோல். நூறு ரூபாய்ச் சேலையைத் தொண்ணூறுக்கு விற்றால் விற்பனை ஓங்கும், சங்கம் மூழ்கும். அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக் குறியீட்டெண் 2000 மார்ச்சு மாதத்தில் ஐயாயிரத்தைத் தாண்டி, 2002 அக்டோபரில் ஏறத்தாழ 1,100-க்கு வந்தது. இலாபமற்ற பல கம்பெனிகளுக்கு விற்பனையைக் காட்டியே விலை கூறியது அந்த ஏற்றத்தின் காரணங்களில் ஒன்று.

ஒரு மெய்யான கணக்கு

1946-இல் தொடங்கப்பெற்று, திருநெல்வேலி மாவட்டத்துத் தாழையூத்தில் 1949-இல் முதல் ஆலையை நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியை நம்மவர் அறிவர். 2024 ஜூலையில் அல்ட்ராடெக் சிமெண்டு கம்பெனி, அதன் 32.72 சதவிகிதப் பங்குகளைப் பங்கு ஒன்றுக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. இந்தியா சிமெண்ட்ஸ் 2023-24-இல் நட்டம் கண்டிருந்தது. இலாபமே இல்லாதபொழுது இலாப மடங்கு ஏது? அப்படியாயின் அந்த விலையை எந்தக் கோலால் அளப்பது?

3,954 கோடியை 32.72 சதவிகிதத்தால் வகுத்தால், எல்லாப் பங்குகளின் விலையும் ஏறத்தாழ 12,084 கோடியாகிறது. கம்பெனியின் ஆண்டு உற்பத்தித் திறன் 1 கோடியே 44½ இலட்சம் டன். ஆகவே டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 8,360 ரூபாய் விழுகிறது. கம்பெனியின் நிகரக் கடனைக் கூட்டினால் இது இன்னும் உயரும். புதிதாக ஓர் ஆலை கட்டினால் டன்னுக்கு என்ன செலவாகும், எத்தனை ஆண்டு காத்திருக்கவேண்டும், சுண்ணாம்புக்கல் நிலம் கிடைக்குமா என்பவற்றோடு இவ்வெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இலாபக் கோல் மௌனமாகும் இடத்தில் உற்பத்தித் திறன் என்ற கோல் பேசுகிறது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஆலையை நடத்தும் உரிமையைப் பெறுபவர் கொடுக்கும் விலையும், நூறு பங்கு வாங்கும் சிறு முதலாளர் கொடுக்கத்தக்க விலையும் ஒன்றல்ல.

ஏமாறும் இடங்கள்

முதலாவது, செழித்த ஆண்டின் இலாபம். 2022 மே மாதத்தில் ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியதை நெசவாளர் எவரும் மறந்திருக்கமாட்டார். 2021-22-இல் நூற்பாலைகள் பல நல்ல இலாபம் கண்டன. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. செழித்த ஆண்டின் இலாபத்தால் வகுத்தால், மடங்கு மிகச் சிறிதாகத் தோன்றும். மலிவு என்று எண்ணி வாங்குபவர், மாம்பழம் உதிரும் மாதத்து வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கித் தோப்புக்கு விலை கொடுத்தவர் ஆவார். விலை ஏற்ற இறக்கமுள்ள தொழில்களில் மடங்கு குறைந்திருக்கும் காலமே அபாயமான காலமாக இருப்பதுண்டு. எனவே பல ஆண்டுச் சராசரியை எடுக்கவேண்டும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் கிரகாம், எச்சரிக்கையுள்ள முதலீட்டாளருக்கு வகுத்த வரம்பும் இத்தகையதே. விலை, மூன்றாண்டுச் சராசரி இலாபத்தைப் போல் 15 மடங்குக்கும், புத்தக மதிப்பைப் போல் 1½ மடங்குக்கும் மேற்படலாகாது; ஒன்று குறைந்து மற்றொன்று மிகுந்தால், இரண்டின் பெருக்குத்தொகை 22½-ஐத் தாண்டலாகாது என்றார்.

இரண்டாவது, ஒருமுறை மட்டும் வந்த வருமானம். நாம் முதலில் கண்ட ஆலையின் 12 கோடி இலாபத்தில் 4 கோடி, பழைய நிலத்தை விற்றதால் வந்ததென்று வைத்துக்கொள்வோம். தொழிலின் இலாபம் 8 கோடிதான். 12 மடங்கில் பங்கு மதிப்பு 96 ரூபாயாகும், 144 அன்று. விற்ற நிலத்தை மறுபடியும் விற்க இயலாதல்லவா?

மூன்றாவது, பொய்க்கணக்கு. மடங்கு என்பது பெருக்கல். பெருக்கப்படும் எண் பொய்யானால், விடை பன்மடங்கு பொய்யாகும். 2009 ஜனவரி 7-ஆம் நாள், சத்யம் கம்பெனியின் தலைவர், ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாதது என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னாள்வரை அதன் மடங்கைப் பிற கம்பெனிகளோடு ஒப்பிட்டவர்களின் கூட்டல் கழித்தலில் பிழை ஏதும் இல்லை, அடிப்படைதான் இல்லை.

நான்காவது, தொழில் முழுவதுமே விலையேறியிருத்தல். பக்கத்துக் கடையைவிட நம் கடையில் விலை குறைவு என்பதனால் அது நியாய விலை ஆகிவிடாது. ஒப்பீடு, ஒரு பங்கு மற்றதைவிட மலிவா என்று மட்டுமே சொல்லும். இரண்டும் கிராக்கியா என்பதைச் சொல்லாது.

பயிற்சிக் கணக்கு

அங்கத்தினர் கல்வி வகுப்பில் இதனைப் பலகையில் எழுதிச் செய்து பார்க்கலாம். ஒரு நெசவாலைக் கம்பெனியின் சென்ற ஆண்டு இலாபம் 9 கோடி. இதில் 1½ கோடி நிலம் விற்ற வகையில் வந்தது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளின் இலாபம் 4½ கோடி, 3 கோடி. பங்குகள் 50 இலட்சம். ஒத்த கம்பெனிகளின் மடங்குகள் 8, 9, 10, 11, 42. சந்தை விலை 220 ரூபாய்.

பங்கை விற்க விரும்புபவர் செய்யும் கணக்கு இது: 9 கோடியை 50 இலட்சத்தால் வகுக்க, 18 ரூபாய். மடங்குகளின் சராசரி 16. பெருக்க, 288 ரூபாய். “288 பெறுமான பங்கு 220-க்குக் கிடைக்கிறது” என்பார்.

நாம் செய்யவேண்டிய கணக்கு வேறு: நிலம் விற்ற தொகை போக, சென்ற ஆண்டு இலாபம் 7½ கோடி. மூன்றாண்டுச் சராசரி 5 கோடி. பங்குக்கு 10 ரூபாய். நடு மடங்கு 10. பெருக்க, 100 ரூபாய். கேட்கும் விலை இதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

இரு கணக்குகளும் ஒரே ஏட்டிலிருந்து எடுத்த எண்களால் ஆனவை. நூறு பங்கு வாங்கும் நெசவாளர் 22,000 ரூபாய் கொடுப்பார். நிதானமான கணக்குப்படி அதன் மதிப்பு 10,000. எஞ்சிய 12,000 ரூபாய் எத்தனை நாள் தறியில் அமர்ந்து ஈட்டியது என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். இலாபம் வளரும் என்று நம்பத்தக்க காரணம் உண்டானால் நூறுக்கு மேலும் கொடுக்கலாம். ஆனால் அக்காரணத்தை விற்பவர்தான் காட்டவேண்டும், வாங்குபவர் கற்பித்துக்கொள்ளலாகாது.

இறுதியாக ஒன்று. சங்கத்தின் நிதியைச் சட்டமும் துணை விதிகளும் அனுமதித்த வழிகளில் மட்டுமே இடவேண்டும். இப்பாடம் அங்கத்தினர் தம் சொந்தச் சேமிப்பைப் பற்றியது. அந்தச் சேமிப்பிலும், பிள்ளையின் படிப்புக்கும் அடுத்த போகத்து உரத்துக்கும் வைத்த பணம் பங்குக்கு உரியதன்று. அதற்கு மேல் மிஞ்சியதைக் கொண்டு வாங்க நினைப்பவர், ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, மூன்று ஆண்டு இலாபம், கடன், பங்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குவாராக. அந்த மூன்று எண்களையும் கேட்டவுடன் முகம் சுளிக்கும் தரகரிடம் பங்கு வாங்கவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.